வெந்நீர்த் தொட்டியும் குளிர்ச் சட்டையும்

“குளுருன்னா இன்னான்னு ஒனக்குத் தெரியுமா அஞ்சல? மார்கழியில கோலம் போடறப்ப மூக்கு ஒழுகுமே, அதத் தவிர?”

கேட்டவர் எங்கள் கம்பெனி ஸ்டோர் பொறுப்பாளர் கலியமூர்த்தி அண்ணன். கேட்ட இடம் ஸ்டோர் வாசல். எல்லோரும் கையில் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்ததால் சிரிப்புக்குக் குறைவில்லை.

“தெரியாதுண்ணே. தெரிஞ்சிக்கினு வந்து சொல்றேன்” என்றேன். ஏழு வருடத்துக்கு முந்தைய பேச்சு. அந்தப் பதிலை முழுசாகச் சொல்ல இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது, ஏனென்றால் நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

என் வயது முப்பத்திரண்டு. சிரிக்க வேண்டாம். தண்ணீருக்கு அடியில் வேலை செய்கிறவர்களுக்கு ஓய்வு வயதைக் காதுதான் முடிவு செய்கிறது. என் இடது காது போன வருடம் முடிவு செய்துவிட்டது. டாக்டர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இனிமே தலைக்குக் குளிக்கிறதோட நிறுத்திக்கம்மா” என்றார். பொன்னாடை போர்த்தினார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அப்பா இன்னும் சுரங்கத்தில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அம்மா மந்தாரக்குப்பத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்: “எம் பொண்ணு ரிட்டயர்டு ஆயிட்டாங்க. அவங்கப்பாதான் இன்னும் ஆவல.”

இரண்டு வாரத்துக்கு முன் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் போன் செய்தார்கள். மலை அணை ஒன்றில் வேலையாம். “அக்கா, குளுர் தண்ணிக்கு எந்த சூட் நல்லது? பேர மட்டும் சொல்லுங்க, போதும்” என்றார்கள். பேரை மட்டும் சொல்ல முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

என் ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் மண்ணை வாரிக் கொட்டுகிற வேலை. அம்மா காடாம்புலியூருக்குப் போய் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் நான்தான் படித்துச் சொல்வேன். ரேஷன் கார்டிலிருந்து மாத்திரை அட்டை வரைக்கும். அதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. இன்றைக்கும் உண்டு. அந்தத் திமிருக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இருக்கிறது.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, அனல் மின் நிலையங்களுக்குத் தண்ணீர் எடுக்கும் வாய்க்கால், கிணறு, தொட்டி இவற்றில் மூழ்கி வேலை செய்யும் ஒரு சின்ன ஒப்பந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். சேர்ந்தது நோட்டு எழுத. மூழ்குகிறவர்கள் எத்தனை நிமிடம் உள்ளே இருந்தார்கள் என்று எழுதி எழுதி அலுத்துப்போய், நானும் இறங்குகிறேன் என்று கேட்டேன். கடலோரத்தில் எட்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். காது வலித்தது, பழகிவிட்டது. பயம் இருந்தது, அது பழகவே இல்லை. பயத்தோடு வேலை செய்வது பழகியது. பயிற்சி அவ்வளவுதான்.

எங்கள் வேலை இதுதான். தண்ணீர் எடுக்கும் வாயில் இரும்புக் கம்பி வலை இருக்கும். இலை, பிளாஸ்டிக், பாசி, செத்த மீன் எல்லாம் அதில் வந்து அப்பிக்கொள்ளும். முதுகில் சிலிண்டரோடு இறங்கி அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். நெய்வேலிப் பக்கம் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்புத்தான். பழைய முழுக்கை பனியனும் டிராக் பேன்ட்டும் போட்டுக்கொண்டு இறங்குவோம். உடை என்பது எங்களுக்குச் சிராய்ப்புக்குப் பாதுகாப்பு. குளிருக்குப் பாதுகாப்பு என்று ஒன்று இருப்பதே எங்களில் பலருக்குத் தெரியாது.

அப்படி இருக்கும்போதுதான் நீலகிரியில் ஒரு அணையின் வேலை வந்தது. இருபது மீட்டர் ஆழத்தில் கம்பி வலையை ஒவ்வொரு கம்பியாகப் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். டிசம்பர் மாதம். தண்ணீர் பத்து டிகிரி இருக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் மேற்பார்வையாளர் அருளப்பன் சார் அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டி, “சூட் நீ தேர்ந்தெடு. நீயே கையெழுத்துப் போடு. முதல் ஆளா நீயே இறங்கு” என்றார்.

அருளப்பன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு இருபது வார்த்தை வந்தால் அன்றைக்கு அவருக்கு விசேஷம் என்று அர்த்தம். கையில் எப்போதும் பள்ளிக்கூடச் சிலேட்டும் பலப்பமும் இருக்கும். இறங்குவதற்கு முன் நம் எதிரில் நின்று “சரியா?” என்று கேட்பார். “சரி சார்” என்போம். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி “சரியா?” என்பார். மூன்றாவது “சரியா?”வுக்கு முன்னால் ஒரு நீண்ட மௌனம் வரும். அந்த மௌனத்தில் பாதிப் பேருக்கு, சிலிண்டரைத் திறக்க மறந்தது ஞாபகம் வந்துவிடும். பாராட்ட மாட்டார். திட்டவும் மாட்டார். “எழுது” என்பார். நல்லது நடந்தாலும் எழுது, கெட்டது நடந்தாலும் எழுது.

முதல் ஆளாக இறங்குவது எனக்குப் பெரிய விஷயம். அதுவரை என்னைக் கரையில் நின்று, மூழ்குகிறவரைக் கட்டிய கயிற்றைப் பிடிக்கத்தான் அதிகம் விட்டிருந்தார்கள். இந்த வேலையில் சொதப்பினால் மறுபடி கயிறுதான், அதற்கப்புறம் நோட்டுதான். இது எனக்கும் தெரியும், கலியமூர்த்தி அண்ணனுக்கும் தெரியும். அதனால்தான் ஸ்டோர் வாசல் சிரிப்பு அவ்வளவு சத்தமாக இருந்தது.

குளிர் என்றால் என்ன என்று அருளப்பன் சார் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் காட்டினார். மந்தாரக்குப்பம் மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்காவிடம் ஒரு கட்டி ஐஸ் வாங்கி வரச் சொன்னார். உடைத்துப் பக்கெட் தண்ணீரில் போட்டார். தெர்மாமீட்டரை விட்டுப் பத்து டிகிரி வரும்வரை ஐஸை எடுத்தும் போட்டும் சரிசெய்தார். பிறகு ஒரு போல்ட்டையும் நட்டையும் உள்ளே போட்டுவிட்டுச் சொன்னார்: “கைய விடு. பத்து நிமிஷம் கழிச்சு நட்டைப் பூட்டு.”

முதலில் கையை விட்டவன் வேலு. என் கூட்டாளி. காடாம்புலியூர்க்காரன், பலாப்பழத்தை மரத்திலிருந்து தோளில் இறக்கி வருகிற உடம்பு. “மீன் வாசனதான் சார் தாங்கல, குளுரு ஒண்ணியும் இல்ல” என்று சிரித்தான். நான்கு நிமிடத்தில் சிரிப்பு நின்றது. பத்தாவது நிமிடத்தில் நட்டு அவன் விரலிலிருந்து நழுவியது, நழுவியது, நழுவிக்கொண்டே இருந்தது.

“கை நடுங்குதா?” என்று கேட்டேன்.

“நடுங்கவே இல்ல அஞ்சல. அது எங்கையே இல்ல. யாரோ வேற ஆளோட கை மாரி கீது.”

அருளப்பன் சார் அவன் கையைத் தூக்கி, “கட்டை விரலால சுண்டு விரலத் தொடு” என்றார். வேலுவால் முடியவில்லை. சார் சிலேட்டில் எழுதினார்: கட்டை விரல் சுண்டு விரலைத் தொடாவிட்டால் மேலே வா. அதுதான் விதி. உடம்பு நடுங்குகிறதா, பல் கிட்டுகிறதா என்பதெல்லாம் அப்புறம். விரல் போனால் வால்வைத் திறக்க முடியாது, கயிற்றைப் பிடிக்க முடியாது.

அன்றிலிருந்து குளிர் சட்டை தேடும் படலம் ஆரம்பித்தது. இரண்டு வகை உண்டு. ஒன்று வெட் சூட். நுரை ரப்பரால் ஆனது, உடம்போடு ஒட்டி இருக்கும். கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும். வந்த தண்ணீரை நம் உடம்புச் சூடு வெதுவெதுப்பாக்கி வைத்துக்கொள்ளும். இன்னொன்று டிரை சூட். தண்ணீரே உள்ளே வராது. கழுத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய ரப்பர் வளையம் இறுக்கிப் பிடித்திருக்கும். உள்ளே தடித்த கம்பளி மாதிரி உடை போட்டுக்கொள்ள வேண்டும். சிலிண்டரிலிருந்து கொஞ்சம் காற்றை உள்ளே விட்டுக்கொள்ளலாம்.

வெட் சூட்டில் இரண்டு தடிமனும் டிரை சூட்டில் ஒன்றுமாக மாதிரிக்கு வரவழைத்தோம். கலியமூர்த்தி அண்ணனுக்கு ஒரு சட்டம் உண்டு: ஸ்டோருக்கு வரும் எதையும் எங்கள் யார்டுத் தொட்டியில் சோதிக்காமல் ஏற்க மாட்டார். பம்ப், ஹோஸ், சிலிண்டர், தார்ப்பாய் எல்லாமே தொட்டியில் மூழ்கித்தான் ஸ்டோருக்குள் போகும். அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பூமிக்கடியிலிருந்து இறைக்கிற நெய்வேலித் தண்ணீர். குளிர்காலத்திலும் கை வைத்தால் குளிக்க வெந்நீர் விளாவி வைத்த மாதிரி இருக்கும். குளிர் சட்டையை அதில் சோதித்தோம்.

வேலுதான் இறங்கினான். மூன்று மில்லிமீட்டர் வெட் சூட் போட்டு இறங்கி, “சூப்பரா கீது” என்றான். ஏழு மில்லிமீட்டர் போட்டு இறங்கி, முகம் சிவந்து ஏறினான். டிரை சூட்டும் உள்ளே கம்பளியும் போட்டு இறங்கியபோது ஐந்து நிமிடத்தில் கையை ஆட்டினான். ஜிப்பைத் திறந்ததும் உள்ளேயிருந்து இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி வந்தது.

“பாத்தியா?” என்றார் கலியமூர்த்தி அண்ணன். “மூணு மில்லிமீட்டருதான் சரி. சோதன பண்ணியாச்சு, எழுதிக்கினேன்.”

“அண்ணே, இது வெந்நீரு!”

“தண்ணி தண்ணிதாம்மா. அப்புறம் இன்னொண்ணு கேக்கறேன். தண்ணியே உள்ள வராத சட்டைக்கு உள்ளார எதுக்குக் கம்பளி? கொடை புடிச்சிக்கினு ரெயின்கோட்டு போடுவியா நீ?”

இந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்கு ஒரு வாரம் ஆனது. சூட்டோடு வந்த இங்கிலீஷ் கையேடு முழுவதையும் அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். பிறகு ஒரு மதியம் எல்லோரையும் உட்கார வைத்து, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றை மேசையில் வைத்து அதன்மேல் செங்கல்லை வைத்தேன். ஸ்பாஞ்சு அப்பளமாகியது.

“இருவது மீட்டர் ஆழத்துல தண்ணி இப்படித்தாண்ணே அமுக்கும். வெட் சூட்டுல சூட்டப் புடிச்சி வெக்கிறது அந்த நுரைக்குள்ள இருக்கிற காத்துதான். ஆழம் போகப் போக அது நசுங்கிடும். மேல ஏழு மில்லிமீட்டர் தடியா இருக்கிறது கீழ பாதிகூடத் தேறாது. நாம நீந்தப் போவல, கம்பியப் புடிச்சிக்கினு நாப்பது நிமிஷம் ஒரே இடத்துல நிக்கப் போறோம். அசையாத ஒடம்பு சீக்கிரம் ஆறிடும். டிரை சூட் தண்ணிய மட்டும் தடுக்கும். குளுரத் தடுக்கிறது உள்ள போடற கம்பளி. அது நசுங்காம இருக்கத்தான் காத்து விட்டுக்கிறது.”

கலியமூர்த்தி அண்ணன் செங்கல்லை எடுத்துப் பார்த்தார். ஸ்பாஞ்சு மெல்ல எழுந்தது. “ஸ்பாஞ்சு ஸ்டோர் கணக்குல எடுத்ததா?” என்று மட்டும் கேட்டார். அது தோல்வியை ஒப்புக்கொள்ளும் அவருடைய முறை.

டிரை சூட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அளவு எடுப்பதும் என் தலையில் விழுந்தது. தையல்கடை டேப் வாங்கி வந்து எல்லோரையும் அளந்தேன். இதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வந்தது. பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கும்போது வளர்கிற பிள்ளை என்று இரண்டு அங்குலம் கூட வைப்போம் இல்லையா? வேலுவும் அதையே கேட்டான்.

“கொஞ்சம் லூசா வெய் அஞ்சல. பொங்கலுக்கு நான் ஒரு சுத்து போட்டுருவேன்.”

“லூசா வெச்சா காத்து காலுக்கு ஏறிடும். தல கீழ, காலு மேல தொங்குவ. பரவால்லியா?”

“அப்ப பொங்கல் சாப்பிடல.”

சூட்கள் வந்தன. என் அளவுக்கே வந்த முதல் தொழில் உடை அது. அதற்கு முன் போட்டதெல்லாம் யாரோ ஓர் ஆணுக்குத் தைத்து நான் கையை மடித்துவிட்டுக்கொண்டவை. வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டினேன். அவள் தடவிப் பார்த்து, “முந்திரித் தோலு மாரி கனமா கீது. இதுக்குள்ள எப்டிடி பூருவ?” என்றாள்.

அதுதான் பிரச்சினை. மணிக்கட்டு ரப்பர் அவ்வளவு இறுக்கம். கையேட்டிலும், சார் சிலேட்டிலும் ஒரே வழிதான்: வாசனை இல்லாத பவுடர் போட்டுக் கையை நுழை. பவுடர் போட்டும் எனக்குப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் வியர்த்து ஊற்றும். அம்மா ஒரு நாள் பார்த்துவிட்டு, “வளையல் போடறதுக்கு இன்னா பண்ணுவோம்? எண்ணெ தடவினா ஏறிட்டுப் போவுது” என்றாள். முந்திரிக்கொட்டை உடைப்பவர்கள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். எண்ணெய் அவளுக்குச் சகல நிவாரணி.

நான் படித்தவள் அல்லவா? கையேட்டைத் திறந்து பார்த்தேன். பெட்ரோலியத்திலிருந்து செய்த கிரீஸ் ரப்பருக்கு ஆகாது என்று போட்டிருந்தது. தேங்காய் எண்ணெய் பெட்ரோலியம் இல்லை. தென்னை மரத்திலிருந்து வருகிறது. ஆகவே தடையில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

அடுத்த ஒரு மாதம், கம்பளி இல்லாமல் யார்டுத் தொட்டியில் செய்த பயிற்சியில் தினமும் இரண்டு சொட்டு. கை வழுக்கிக்கொண்டு போனது. வேலு மூச்சு வாங்கிக்கொண்டு கையைத் திணிக்கும்போது நான் சூட்டோடு நின்று வேடிக்கை பார்ப்பேன்.

“எப்பிடி அஞ்சல இவ்ளோ சீக்கிரம்?”

“அதெல்லாம் பழக்கம்பா.”

ரகசியத்தைச் சொல்லவில்லை. முதல் ஆளாக இறங்கப்போகிறவளுக்கு ஒரு கெத்து வேண்டாமா?

மலைக்குப் போய்ச் சேர்ந்தோம். அணையின் மேல் காலைப் பனி விலகாமல் கிடந்தது. அங்கிருந்த பொறியாளர்கள் குல்லாய்க்குள்ளிருந்து எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். தேங்காய் உடைத்துப் பூசை போட ஏற்பாடு நடந்தது. “பூசை முடியுற வரைக்கும் யாரும் சூட் போடக் கூடாது. வேர்த்தா உள்ள நனையும்” என்றார் சார். பதினைந்து நிமிடம் கம்பளி உடையோடு கற்பூரத்துக்கு முன்னால் இரண்டு கரடிகள் மாதிரி நானும் வேலுவும் நின்றோம்.

பிறகு சூட். என் வழக்கமான இரண்டு சொட்டு. கை உள்ளே போனபோது ரப்பர் கொஞ்சம் பிசுபிசுத்தது. குளிரில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சார் எதிரில் வந்து நின்றார்.

“சரியா?”

“சரி சார்.”

“சரியா?”

“சரி சார்.”

பிறகு அந்த மௌனம். பிசுபிசுப்பு நினைவுக்கு வந்தது. மதகின்மேல் நிற்கும் பொறியாளர்களும் நினைவுக்கு வந்தார்கள். ஸ்டோர் வாசல் சிரிப்பும் வந்தது.

“சரியா?”

“சரி சார்.”

இறங்கினேன். முகத்தில் மட்டும் குளிர் அறைந்தது. உடம்பு அப்படியே வெதுவெதுவென்று இருந்தது. இருட்டுத் தண்ணீருக்குள் தனியாகச் சிரித்துவிட்டேன். கலியமூர்த்தி அண்ணே, பாருங்க, நெய்வேலியையே உள்ளே கட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

வலையில் வேலையைத் தொடங்கினேன். ஆறாவது கம்பியில் இடது கையை வளைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தபோது மணிக்கட்டில் ஊசி குத்திய மாதிரி இருந்தது. ஒரே ஒரு சில்லென்ற கோடு. அது முழங்கை வரை ஓடியது. கொஞ்ச நேரத்தில் அக்குளுக்கு வந்தது. ரப்பர் கிழிந்திருந்தது.

சாரின் விதி தெளிவு: உள்ளே தண்ணீர் வந்தால் மேலே வா, காரணத்தை மேலே சொல். ஆனால் வலையில் இன்னும் பன்னிரண்டு கம்பி பாக்கி. எண்ணினேன். முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஏழாவது கம்பி. எட்டாவது கம்பி. இடுப்பு வரை ஈரம். ஒன்பதாவது கம்பியில் பிரஷ் கையை விட்டு நழுவிக் கயிற்றில் தொங்கியது. எடுத்தேன். மறுபடி நழுவியது. பக்கெட்டில் நழுவிய நட்டு கண் முன்னால் வந்தது. இடது கையை முகத்தருகே கொண்டுவந்து கட்டை விரலால் சுண்டு விரலைத் தொடப் பார்த்தேன். மோதிர விரலோடு நின்றுவிட்டது.

கயிற்றை வலது கையால் நான்கு முறை இழுத்தேன். மேலே தூக்கு என்று அர்த்தம். என் வாழ்க்கையில் இழுத்ததிலேயே கனமான கயிறு அதுதான்.

மேலே வந்தபோது பல் தந்தியடித்தது. சார் பக்கத்து அறைக்கு அனுப்பி ஈர உடையை மாற்றச் சொல்லி, கம்பளியைச் சுற்றி, அக்குளில் வெந்நீர்ப் பையை வைக்கக் கொடுத்தார். நான் திரும்பி வந்தபோது என் சூட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிழிந்த ரப்பரை இரண்டு விரலால் தேய்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார். 

அதற்குள் வேலு போனில் ஸ்டோருக்குச் செய்தி சொல்லிவிட்டான். ஸ்பீக்கரில் கலியமூர்த்தி அண்ணன் குரல் அணை முழுக்கக் கேட்டது. “நான் அப்பவே சொன்னேனே! டிரை சூட்டாம், டிரை சூட்டு. அத மூட்ட கட்டித் திருப்பி அனுப்பு. மூணு மில்லிமீட்டர் சூட்ட இப்பவே வேன்ல ஏத்தறேன். நாளைக்கு வேலு அதுல எறங்கட்டும்.”

பொறியாளர் ஒருவர், “சரக்கு மோசம் போலிருக்கு. கம்பெனிக்காரன் மேல புகார் எழுதிடுங்க மேடம்” என்று எனக்குப் பேனாவே நீட்டினார். எவ்வளவு நல்ல மனிதர்! என் தப்பைச் சரக்கின்மேல் போட்டுவிட்டால் நான் தப்பித்தேன். ஆனால் சூட் மோசம் என்று எழுதினால் நாளைக்கு வேலு மூன்று மில்லிமீட்டரில் பத்து டிகிரித் தண்ணீருக்குள் போவான். தலைகீழாகத் தொங்குவதற்குப் பயந்து பொங்கலை விட்டுக்கொடுத்தவன். சூட்டைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தேன். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

“சூட்டு மேல தப்பில்ல சார்” என்றேன். “எண்ணெ தடவினது நானு. தேங்கா எண்ணெ. ஒரு மாசமா.”

போன் ஸ்பீக்கரில் டீ கிளாஸை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கலியமூர்த்தி அண்ணன், “தாளிச்சியா?” என்றார்.

அங்கே ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள். குல்லாய் போட்ட பொறியாளர்கள்கூடக் குனிந்து குனிந்து சிரித்தார்கள். வேலு மட்டும் சிரிக்கவில்லை. “அதான் பழக்கமா?” என்று கேட்டான். தலையை ஆட்டினேன்.

சார் நோட்டை என் பக்கம் நகர்த்தினார். “எழுது.”

எழுதினேன். எண்ணெய் எதுவானாலும் இந்த ரப்பரை ஊறவைத்துப் பிசுபிசுப்பாக்கி இற்றுப்போகச் செய்துவிடும், மரத்திலிருந்து வந்தாலும் பூமியிலிருந்து வந்தாலும். பிசுபிசுத்தது தெரிந்தும் மூன்று முறை “சரி” என்றேன். தண்ணீர் வந்த பிறகும் மூன்று கம்பி வேலை செய்தேன். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் சார் எல்லோருடைய ரப்பரையும் இழுத்துப் பார்த்தார். வேலுவுடையது புதுசு போல இருந்தது. என் ரகசியத்தை அவனுக்குச் சொல்லாமல் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

மறுநாள் வேலு அதே மாதிரி டிரை சூட்டில் இறங்கினான். நாற்பது நிமிடம். கயிறு என் கையில்தான் இருந்தது. ஏறி வந்ததும் முகமூடியைக் கழற்றி, “சார், உள்ள நம்மூரு பங்குனி மாசம் மாரி கீது!” என்றான். சார் அவனைச் சுண்டு விரலைத் தொடச் சொன்னார். தொட்டான். எழுதினேன்.

என் சூட்டின் கிழிந்த ரப்பரை நானே வெட்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது ரப்பரை ஒட்டினேன். சார் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படிக்கும் தலையை மட்டும் ஆட்டினார். பசை காய முழுசாக ஒரு நாள். தலை எண்ணெய்கூடக் கழுத்து ரப்பரில் படக் கூடாது என்று அந்த ஒரு நாளில் தலைக்குச் சீயக்காய் போட்டு மூன்று முறை குளித்தேன், அந்தக் குளிரில். மூன்றாம் நாள் இறங்கினேன். அந்த முறை இரண்டாவது “சரியா?”வுக்கே, “வலது கைப் பவுடர் பத்தல சார், ஒரு நிமிஷம்” என்றேன். சார் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று வேலு சொல்கிறான். நான் நம்பவில்லை. மிச்சக் கம்பிகளை முடித்து ஏறினேன்.

திரும்பி வரும் வேனில் அவர் சொன்னது ஐந்தே வார்த்தை: “இனிமே எல்லார் சூட்டும் உன் பொறுப்பு.”

அதற்குப் பின் ஆறு வருடம் அந்தப் பொறுப்பு என்னிடம் இருந்தது. எத்தனையோ அணை, எத்தனையோ கிணறு. யாருடைய ரப்பரும் தண்ணீருக்குள் கிழியவில்லை. கலியமூர்த்தி அண்ணன் புது சூட் வந்தால் இப்போதும் தொட்டியில் முக்கிப் பார்க்கிறார், ஆனால் முதலில் ஐஸ் போடுகிறார். என் வழியனுப்பு விழாவில் பேசும்போது, “குளுருன்னா இன்னான்னு எனக்குச் சொல்லிக் குடுத்த பொண்ணு” என்றார். சொல்லிவிட்டு, சுவர்க் கடிகாரத்தோடு ஒரு சின்ன பாட்டில் தேங்காய் எண்ணெயும் கொடுத்தார்.

ஆகவே தங்கச்சிகளே, சூட்டின் பேரைக் கேட்காதீர்கள். தண்ணீர் எத்தனை டிகிரி, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், நீந்துவீர்களா நிற்பீர்களா என்று கேளுங்கள். ஆழம் குறைவாய், அசைந்துகொண்டே இருக்கிற வேலைக்கு உடம்போடு ஒட்டிய நல்ல வெட் சூட் போதும். ஆழத்தில் அசையாமல் நிற்க டிரை சூட். அதையும் உங்கள் உடம்பை அளந்துதான் வாங்க வேண்டும். கிழிந்தால் ஒட்டிக்கொடுக்க ஆள் எங்கே என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் அப்படி ஒரு ஆள் இல்லை, போன மாதம் வரைக்கும்.

மந்தாரக்குப்பத்தில், தையல்கடைக்கும் பேட்டரிக் கடைக்கும் நடுவில் ஒரு ஷட்டர் கடையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். உப்புத்தாள், பசை, ரப்பர் வளையங்கள் வந்துவிட்டன. டேப் ஆணியில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அளவு எடுக்க வாருங்கள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாருங்கள். பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன், நட்டும் போல்ட்டும் மேசையில் இருக்கின்றன, மீன்கார அக்காவிடம் ஒரு கட்டி ஐஸும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.